உபயம் எழுதிய கோன்கள்

எங்கள் அபிராமபுரம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் சென்ற மாதம் ஒருவர் கேட்டிருந்தார்: “வீட்டிலேயே லைன் அரே செய்யப் போகிறேன். எந்த டிரைவர் வாங்கலாம்?” மாலைக்குள் நாற்பத்தொரு பதில்கள் வந்தன. எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். பதில் சொன்னவர்களில் நால்வர் வங்கியில் இருந்தவர்கள், ஒருவர் பல் மருத்துவர். ஒலிபெருக்கித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு இருந்தவன் என்ற முறையில் நானும் ஒரு பதில் எழுதத் தொடங்கினேன். முடிப்பதற்குள் குழுவின் பேச்சு தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உயரமான ஒல்லிப் பெட்டியில் சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால் அது லைன் அரே. அந்தத் தனித்தனி வட்ட ஸ்பீக்கரைத்தான் டிரைவர் என்பார்கள். இப்படி அடுக்கினால் ஒலி கூரைக்கும் தரைக்கும் சிதறாமல் நேரே போகும். முன் வரிசைக்காரரின் காதைப் பிளக்காமல் பின் வரிசைக்காரரை எட்டும். நிபந்தனை ஒன்றுதான்: எல்லா டிரைவர்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மற்ற நிபந்தனைகளை எல்லாம் நம் ஊரில் நிறைவேற்றிவிடலாம். இது கடினம் என்பதை ஒரு சங்கீத சபையின் தயவில் தெரிந்துகொண்டேன்.

என் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. அதில் முதல் ஆறு மாதம் அட்டைப்பெட்டி மடித்தேன். பிறகு நரசிம்மன் சாரின் கீழ் வந்தேன். சோதனைப் பிரிவின் தலைவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலை எட்டு இருபத்தைந்துக்கு இருக்கையில் இருப்பார். ஓய்வு பெறும்வரை அவர் எந்த ஸ்பீக்கரையும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தரும் உச்சப் பாராட்டு ‘குறை இல்லை’ என்பது. அதை அவர் ஓர் ஆண்டில் எத்தனை முறை சொன்னார் என்று டைரியில் குறித்துவைத்திருந்தேன். ஒரு வருடம் பக்கம் காலியாகவே இருந்தது.

சோதனை முறை எளிமையானது. டிரைவரை மேசையில் மல்லாக்க வைத்து, சுருதி எழுப்பும் கருவியான ஆஸிலேட்டரின் குமிழைத் தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல மேலே திருப்ப வேண்டும். ஏதோ ஒரு புள்ளியில் அதன் காகிதக் கூம்பு, அதாவது கோன், மற்ற இடங்களைவிட அதிகமாகத் துள்ளும். அந்த எண்ணைக் காந்தத்தின் முதுகில் சாக்குக்கட்டியால் எழுத வேண்டும். கோன் கனமாக இருந்தால் எண் குறையும், லேசாக இருந்தால் ஏறும். ஜோடி சேரும்போது ஓர் எண் மட்டும் ஏறி நின்றால், நரசிம்மன் சார் மெல்லிய தூரிகையால் அந்தக் கோனில் வார்னிஷ் புள்ளி ஒன்று வைப்பார். ஒரு புள்ளி, ஒரு ஹெர்ட்ஸ். புள்ளி எதிரெதிராக, சமமாக விழ வேண்டும். இறங்கி நிற்கும் எண்ணை ஏற்ற வழி கிடையாது. “கூட்டலாம், கழிக்க முடியாது” என்பார். காகிதத்தைச் சுரண்டினால் காகிதம் போய்விடும்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு பஷீர் பாய் வீட்டுக்கு வந்தார். எங்கள் தொழிற்சாலையில் ஸ்பீக்கருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் பிரிவில் இருந்துவிட்டு, இடையில் விலகி, ராயப்பேட்டையில் அவர் அப்பா நடத்திய சவுண்டு சர்வீஸை எடுத்துக்கொண்டவர். மயிலாப்பூரில் ஒரு சபைக்கு இருபத்திரண்டு ஆண்டாக ஒலி அமைப்பு அவர்தான். அந்த மண்டபம் ரயில் பெட்டிபோல நீளம், கடைசி வரிசைக்கு முதுகில் கேண்டீன் கதவு. முன் வரிசையிலிருந்து ‘சத்தம் தாங்கவில்லை’ என்று கடிதம் வரும், பின் வரிசையிலிருந்து ‘பாட்டே கேட்கவில்லை, போண்டா பொரிகிற சத்தம்தான் கேட்கிறது’ என்று வரும். சபைச் செயலாளர் சாரநாதன் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு, ஒன்றுக்கு மற்றொன்று பதில் என்று இருந்துவிடுவார்.

அந்த ஆண்டு கமிட்டி விழித்துக்கொண்டது. மார்கழிக்கு வெளியிலிருந்து பெரிய சவுண்டு கம்பெனியை அழைப்பது என்று பேச்சு எழுந்தது.

“கல்யாண மண்டபம்லாம் அவங்களே சவுண்டு வச்சிக்கினாங்க சார். மீதி இருக்கறது இந்த சபா ஒண்ணுதான்” என்றார் பாய். “இதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு, கே.கே. நகர்ல மருமவன் செல்போன் கடையில ஸ்டூல் போட்டு உக்கார வேண்டியதுதான். டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொல்வான். எனக்குக் கை நடுங்குதுன்னு அவனுக்குத் தெரியாது.”

காயில் சுற்றிய கை அது. தலைமுடி அளவு செப்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றிய கை. மறுநாளே இருவரும் சாரநாதனைப் பார்த்து, நாங்களே இரண்டு லைன் அரே செய்து தருகிறோம் என்றோம். கார்த்திகை இரண்டாம் ஞாயிறு ஒரு கச்சேரியில் வைத்துப் பார்ப்பது, கடைசி வரிசைக்குக் கேட்டால் பாய் தொடர்வது, இல்லையேல் பெரிய கம்பெனி என்று முடிவானது. பெட்டிக்குப் பதினாறு வீதம் முப்பத்திரண்டு டிரைவர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயதாரர் பிடிப்பதாகச் சாரநாதன் ஏற்றுக்கொண்டார்.

கமிட்டிக் கூட்டம் ஐப்பசி முதல் வியாழன். உபயதாரர்கள் பலர், பணமாகத் தர மாட்டோம், டிரைவராகவே வாங்கித் தருகிறோம் என்றனர். ஒருவர் மகன் ஜெர்மனியிலிருந்து ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னார். இன்னொருவர் தன் பழைய காரிலிருந்து கழற்றிய ஜோடி சும்மாதான் இருக்கிறது என்றார். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் பத்மநாபன், தம் உபயம் நாலு அங்குலத்தில் இருப்பது சரிவராது, பன்னிரண்டு அங்குலமாவது வேண்டும் என்றார். எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டிய காரணத்தை நான் விளக்கினேன். முப்பத்திரண்டு பேர் கோஷ்டியாகப் பாராயணம் செய்யும்போது ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி, ஒருவர் வேறு சுருதியில் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “நம்ம கோஷ்டி மாதிரியே இருக்கும்” என்று யாரோ சொன்னார்கள். எப்படியோ, வாங்குவதும் தேர்வதும் நானும் பாயும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டேன். பத்மநாபன் ‘அளவு குறித்து ஆட்சேபத்துடன்’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அடுத்த செவ்வாய் ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் தங்க நிறக் கோன், வெள்ளி நிறக் கோன், நடுவில் தோட்டாபோல் கூர்மை வைத்த கோன் என்று அடுக்கினார். எவ்வளவு வாட்ஸ் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்.

“வாட்ஸ் ஸ்டிக்கர்ல கீது நைனா” என்றார் பாய். “உள்ள இன்னா கீது, அத்தக் காட்டு.”

சாதாரண நாலு அங்குலக் காகிதக் கோன் ஒன்றை எடுத்து, மூன்று விரலால் சமமாக அழுத்திக் காதருகே வைத்தார். உள்ளே காயில் உரசவில்லை. நாங்கள் பார்த்தது மூன்று விஷயம். விளிம்பு குறுகலாக இருந்தது. அடுக்கும்போது அருகருகே நெருங்கி உட்காரும். இடைவெளி பெருத்தால் உச்ச ஸ்வரங்கள் வழியிலேயே ஒன்றையொன்று தின்றுவிடும். பேச்சும் பாட்டும் இருக்கும் நடுப்பகுதியில் அது தெளிவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நாளில் செய்த ஒரே சரக்காக நாற்பது இருந்தது. தேவை முப்பத்திரண்டு, எட்டு கழிப்பதற்கு. அந்தச் சரக்கில் கடையில் இருந்தது அவ்வளவுதான்.

வீட்டில் நான்கு நாள் சோதித்தோம். ஆஸிலேட்டர் நரசிம்மன் சாருடையது. அடையாறில் இருக்கிறார், எண்பத்து நான்கு வயது. கடன் கேட்டபோது எதற்கென்று விசாரித்தார், சொன்னேன். ஓர் உபயம் தம்முடையதாக இருக்கட்டும், ஆனால் பெயர் எதுவும் வேண்டாம் என்றார். இரண்டாம் நாள் என் மனைவி ருக்மிணி சமையலறையிலிருந்து, “தெரு நாயெல்லாம் உங்க மிஷினுக்குப் பதில் சொல்லுது, காதுல விழலையா?” என்று கேட்டாள். நாயின் சுருதி முன்னூறுக்குக் கிட்டே இருந்தது, குறித்துக்கொண்டேன். நாற்பதில் முப்பத்திரண்டு, தொண்ணூற்றாறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் இடையில் நின்றன. ஆறு கீழே, இரண்டு மேலே. முப்பத்திரண்டையும் பார்த்துப் பாய், “ஒரே தாய் பெத்த புள்ளைங்க மாதிரி கீது சார்” என்றார். பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன.

பொருத்துவதற்கு முன் ஒரு பூஜை போட வேண்டும் என்று சாரநாதன் ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை டிரைவர்களை வாங்கிப் போனார். தவறு என்னுடையது. பூஜைக்கு முப்பத்திரண்டும் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளி காலை அழைத்தார். “சாயங்காலம் வாங்கோ, ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்.”

சபை அலுவலகத்தில் நீள மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து முப்பத்திரண்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கறுப்புக் கோனிலும் வெள்ளை எனாமலில் ‘உபயம்’ என்று போட்டுப் பெயர் எழுதியிருந்தது. கோயில் குழல்விளக்குகளில் வெளிச்சம் வெளியே வராதபடி எழுதுகிற அதே ஆள். விளக்கில் எப்படி இடம் வீணாக்க மாட்டாரோ, இதிலும் வீணாக்கவில்லை. காப்பித்தூள் கடை ர. மணி, ‘ர. மணி’ என்பதோடு நின்றிருந்தார். பத்மநாபன் தம் பட்டப்படிப்பு, கடைசியாக வகித்த பதவி, துணைவியார், இரு மகன்கள், அவர்கள் இருக்கும் அமெரிக்க ஊர்கள், பேரக்குழந்தைகள் மூவர் என்று விளிம்பிலிருந்து நடுக்குமிழ்வரை மூன்று சுற்றாக இறங்கியிருந்தார். நரசிம்மன் சாருடையது மட்டும் வெறுமனே கறுப்பாக இருந்தது.

பாய் பத்மநாபனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார் இது?” என்றார் மெதுவாக. “ஸ்பீக்கரா, கல்வெட்டா?”

கோன் கனத்தால் எண் இறங்கும் என்பதைச் சாரநாதனுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பேர் எழுதினா பாட்டு மாறுமா? பரந்தாமன், இது சயின்ஸா, இல்ல உங்க பேர் இல்லேன்னு வருத்தமா? பேரே போடாட்டா எவன் குடுப்பான்? சபைன்னா என்னன்னு நெனச்சுண்டிருக்கேள்?”

அன்றே அங்கேயே மறுபடி சோதித்தேன். பெயரில்லாதது தொண்ணூற்றேழு. மணி தொண்ணூற்றைந்து. சாரநாதன் தொண்ணூறு. பத்மநாபன் எண்பத்து நான்கு. முப்பத்திரண்டு பேரும் கமிட்டிக் கூட்டம்போல ஆளுக்கோர் எண்ணில் இருந்தார்கள். கச்சேரிக்கு ஒன்பது நாள். அந்தச் சரக்கு கடையில் இல்லை.

மறுநாள் நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நரசிம்மன் சாரிடம் தொழில் கற்றவன், கடைக்குப் போய்ப் பெயின்ட் கரைக்கிற தின்னர் வாங்கினேன். பஞ்சில் நனைத்து ஒரு கோனின் எழுத்தைத் துடைத்தேன். எழுத்து போயிற்று, கூடவே விளிம்பின் பசையும் போய், கோன் ஊறிய அப்பளம்போல் ஒரு பக்கம் சாய்ந்தது. கவிழ்த்து முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தால் தொண்ணூறு, சாரநாதனின் உபயம். கழித்துப்போட்ட எட்டில் லேசான கோன் ஒன்றை எடுத்து அதே பெயரை நானே எழுதி வைத்தேன். இது அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

ஞாயிறு காலை அடையாறுக்குப் போனோம். நரசிம்மன் சார் எட்டு இருபத்தைந்துக்குச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை, தின்னர் உட்பட, சொன்னேன்.

“விதி என்ன?” என்றார்.

“கூட்டலாம், கழிக்க முடியாது சார்.”

“அப்புறம் எதுக்குத் தின்னர் வாங்கினீங்க?”

பாய் கூரையைப் பார்த்தார்.

“எல்லாரிலும் கனமானவர் யார்?”

“பத்மநாபன் சார்.”

“எல்லாரையும் அவர் எண்ணுக்கு இறக்குங்க. கொஞ்சம் சத்தம் குறையும், ஆம்ப்ளிஃபையரில் ஏத்திக்கலாம். ஒண்ணா இருந்தாப் போதும்.”

“கோன் முழுக்கப் புள்ளியா வைக்கணுமே சார். அவங்க ஒத்துக்குவாங்களா?”

“அது சோதனைப் பிரிவின் வேலை இல்லை” என்று எழுந்துகொண்டார்.

ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் புள்ளி வைத்த மூன்று கோன்களைப் பார்த்துச் சாரநாதன், உபயதாரருக்கு அம்மை போட்டதுபோல இருக்கிறது என்றார். பிறகு அவரே, கனம்தானே வேண்டும், புள்ளிக்குப் பதில் பட்டமாக எழுதிவிட்டால் என்ன என்று கேட்டார். சபையில் பட்டத்துக்குப் பஞ்சமில்லை. இருபது ஆண்டாகக் கொடுத்தவற்றின் பட்டியல் ஒரு கோப்பில் இருந்தது.

திங்கள் முதல் வியாழன் வரை நான் ஆஸிலேட்டர் முன்னும் பாய் தூரிகையோடும் உட்கார்ந்தோம். பெயர் எழுதும்போது அவர் கை நடுங்கவில்லை என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன். ‘இசைப் புரவலர்’ நான்கு ஹெர்ட்ஸ் இறக்கும். ‘ரசிக சிரோமணி’ நான்கரை. ‘குடும்பத்தினர்’ மூன்று. ‘திரு’ அநேகமாக ஒன்றுமில்லை. கமிட்டி தகுதி பார்த்துப் பட்டம் கொடுத்த காலம் எனக்குத் தெரியாது. நாங்கள் கொடுத்ததற்கு ஓர் அளவு இருந்தது.

காப்பித்தூள் மணி கேள்விப்பட்டு நேரே வந்துவிட்டார். நல்ல மனிதர், கூச்சப்படுகிறவர்.

“எனக்கு எதுக்குங்க பட்டம்? நான் காப்பித்தூள் விக்கறவன். பாக்கறவன் சிரிப்பான்.”

“பட்டம் இல்லீங்க, எடை” என்றேன். “நீங்க பத்மநாபன் சார் அளவுக்கு வந்தாகணும்.”

“அவர் அளவுக்கா?” சற்று யோசித்தார். “அப்ப எழுதுங்க.”

அவருக்கு மூன்று பட்டம் தேவைப்பட்டது.

ஆபத்து வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோருக்கும் பட்டம் ஏறிய செய்தி பத்மநாபனுக்கு எட்டி, தமக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை என்று நியாயம் கேட்க வந்தார். அவருக்கு ஒரே ஒரு பட்டம் ஏற்றினாலும் மீதி முப்பத்தொன்றையும் மறுபடி இறக்க வேண்டும். நடுவில் ஒரு நாள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

“சார், உங்க பேருதான் அளவுகோலு. மத்தவங்கல்லாம் உங்களப் பாத்துத்தான் ஏறிக்கினு கீறாங்க. நீங்களும் ஏறினா அவங்க எதப் பாத்து ஏறுவாங்க?”

பத்மநாபன் மேசையில் இருந்த தம் கோனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்பர் என்ன?” என்றார்.

“எம்பத்திநாலு சார். அதான் லிமிட்டு.”

“அப்ப இருக்கட்டும். அதுக்கு மேல யாரும் போகக் கூடாது” என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவருடைய துறையில் அளவுக்கு மதிப்பு உண்டு.

கடைசியாக மிஞ்சியது நரசிம்மன் சாருடையது. பெயரும் கிடையாது, பட்டமும் கிடையாது, ஆனால் பதின்மூன்று ஹெர்ட்ஸ் இறங்க வேண்டும். பாய் கறுப்பு வார்னிஷை எடுத்து, விளிம்பிலிருந்து நடுவரை வட்டமாகப் பூசினார், காயவிட்டு மறுபடி பூசினார். ஏழு சுற்று ஆயிற்று. முப்பத்திரண்டில் அதிகப் பூச்சு வாங்கியது அதுதான். பார்ப்பதற்குப் புதிதாக வாங்கி எதுவும் எழுதாமல் விட்டதுபோல இருந்தது.

பெட்டிகளுக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டுவது முறை. பெயர் தெரியாது என்பதால் சாரநாதன் அதை மறுத்தார். ஆகவே ஞாயிறு மாலை மேடையின் இரு பக்கமும் முப்பத்தொரு பெரியவர்கள் செங்குத்தாக நின்றார்கள். கச்சேரி தொடங்குமுன் ரசிகர்கள் கோயிலில் தலபுராணம் படிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு படித்துவிட்டு வந்தார்கள். நரசிம்மன் சார் கடைசி வரிசையில், கேண்டீன் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பாய் மேடையோரம் தம் மிக்ஸர் முன் இருந்தார். அங்கிருந்து அவரால் எங்கள் முகத்தை மட்டும்தான் பார்க்க முடியும்.

பாடகி தம்பூராவைச் சேர்த்துக்கொண்டார். முதலில் கேட்டது போண்டா. பிறகு போண்டாவுக்கு மேலே, மெல்லிதாக, தம்பூராவின் மந்தரம். நான்கு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. பக்கத்து நாற்காலிக்காரர், இருபது ஆண்டாகப் புகார்க் கடிதம் எழுதுகிறவர், சட்டைப்பையிலிருந்து எடுத்த பேனாவை மறுபடி பையில் செருகிக்கொண்டார். முன் வரிசையில் யாரும் காதைப் பொத்தவில்லை. நான் பாயைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லாத தூசியை மிக்ஸரிலிருந்து துடைத்தார்.

கச்சேரி முடிந்ததும் உபயதாரர்கள் பெட்டிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரவர் டிரைவரில் இருந்து வந்த ஒலிதான் தெளிவாக இருந்தது என்பதில் அனைவரும் ஒருமனதாக இருந்தார்கள். பட்டம் எழுதிய பிறகுதான் சபையின் ஒலி சீரானது என்று கமிட்டி தீர்மானம் எழுதி, பஷீர் பாயைத் தொடரச் சொன்னது. காரணம் உண்மையாகவே இருந்ததால் நான் ஆட்சேபிக்கவில்லை. மணி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இன்று அந்த மூன்று பட்டமும் வரிசை மாறாமல் இருக்கின்றன.

நரசிம்மன் சார் கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். பிறகு வலது பெட்டிக்குப் போய், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் இருந்த அந்தக் கறுப்புக் கோனில் மூன்று விரலை வைத்துச் சமமாக அழுத்தினார்.

“எத்தனை சுற்று?”

“ஏழு சார்.”

“யார் பூசினது?”

பாயைக் காட்டினேன். அவர் பாயை ஒருமுறை பார்த்தார். “குறை இல்லை” என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினார். அந்த ஆண்டின் பக்கத்தில் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

ஆகவே, லைன் அரே செய்யப் போகிறவருக்கு என் பதில்: ஒரே சரக்காக வாங்குங்கள், கூடுதலாக வாங்குங்கள், சோதித்தபின் யார் கையிலும் கொடுக்காதீர்கள். பூஜைக்கும் கொடுக்காதீர்கள்.

இந்த ஐப்பசியில் மந்தைவெளியிலிருந்து ஒரு புது உபயதாரர் கிடைத்திருப்பதாகச் சாரநாதன் உற்சாகமாக மேடையோரம் எங்களிடம் வந்தார். வலது பெட்டியில் ஒன்பதாவதாக இருக்கும் கறுப்புக் கோன் யாருக்கும் ஆகாமல் காலியாகவே கிடக்கிறதே, அதில் இவர் பெயரை எழுதிவிடலாமா என்று கேட்டார். நான் காரணத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் மிக்ஸரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அதுல எடம் இல்ல சார்” என்றார். “அது ஃபுல்லு.”